பதினேழாம் கேள்விக்கு எல்லாரும் ‘ஆமாம்’ போட்டார்கள்

என் பணிக்காலத்தில் நான் தயாரித்த அறிக்கைகளிலேயே மிக அழகானது யாருக்கும் பயன்படாமல் போனது. நாற்பது பக்கம். வண்ண வண்ணமாய் வட்ட வரைபடங்கள். முகப்பில் பள்ளிச் சின்னம், அதன் கீழே என் பெயர். கூட்டத்தில் வைப்பதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அதை நானே முதல்வரின் மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த வாரத்தைப் போல் நான் பரபரத்த வாரம் வேறு கிடையாது. இப்போது சொல்லும்போதும் என் குரல் உயர்ந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் புதிதாக ஆங்கிலம் கற்பிக்க வந்திருக்கிறீர்கள். சில ஆண்டுகளில் உங்கள் கையிலும் யாராவது ஒரு கோப்பைக் கொடுத்து, “நம் பள்ளியின் ஆங்கிலத் திட்டத்தை மாற்றியமைக்கப் போகிறோம், மாணவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் கண்டுபிடியுங்கள்” என்பார்கள். படிவம் தயாரிப்பது, விவரங்களைத் தொகுப்பது இதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். நான் எங்கே கோட்டை விட்டேன் என்பது எந்தப் பயிற்சியிலும் வராது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளி ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளி. மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப் பள்ளி என்று மூன்று இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேருவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள், அம்மாவும் அப்பாவும் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறிப் போகிற வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் தேர்ச்சி சுமார்தான். நான் ஆங்கிலப் பாடக்குழுவுக்குத் தலைவி. பாடத்திட்டம் அரசாங்கத்துடையது, அதில் கை வைக்க முடியாது. ஆனால் நான்காம் படிவம் என்கிற பதினாறு வயது வகுப்புப் பிள்ளைகளை எப்படிக் குழு பிரிப்பது, மாலை வகுப்புகளில் என்ன செய்வது, எதற்கு எத்தனை நேரம் கொடுப்பது, இதெல்லாம் பள்ளியின் முடிவு. அதைத்தான் முழுசாக மாற்ற முதல்வர் என்னிடம் சொன்னார்.

முதல்வர் ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். பேசினால் அதில் ஒரு தேதி இருக்கும். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். மாவட்டக் கல்வி அதிகாரி வருகிறார், பெற்றோர் சங்கத்தினர் வருகிறார்கள். அதற்குள் அறிக்கை வேண்டும்.” மூன்று வாரம் கொடுத்தார்.

நான் உற்சாகமாக இறங்கினேன். இருபத்து நான்கு கேள்விகள் எழுதினேன். எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றுக்கும் ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்பதில் தொடங்கி ஐந்து கட்டங்கள். மேலே பெயர், வகுப்பு. நானே ஒவ்வொரு வகுப்புக்கும் போய், தாளைக் கொடுத்து, மேசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்து, வாங்கி வந்தேன். கூடவே ஓர் இலக்கணத் தேர்வும் வைத்தேன்.

முடிவு நான் எதிர்பார்த்தபடியே வந்தது. அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! பிள்ளைகள் அதிகம் கேட்டது இலக்கணம். அடுத்தது கட்டுரை. பேச்சுப் பயிற்சி கடைசியில். இருபது வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததையே பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். இலக்கணத் தேர்வில் பின்தங்கிய நாற்பத்து மூன்று பேரைத் தனிக்குழுவாக்கி, வாரம் இரண்டு மாலை இலக்கணப் பயிற்சி கொடுப்பது என்று எழுதினேன். அந்த இரண்டு மாலையும் நாடகக் குழுவும் விவாதக் குழுவும் கூடுகிற நாள்கள். அந்த நாற்பத்து மூன்று பேரும் அவற்றிலிருந்து விலக வேண்டியதுதான். அதையும் ஒரு வரியில் எழுதி முடித்தேன். அந்த வரியை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

திங்கட்கிழமை அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தேன். பின்னிணைப்பை மட்டும் சரிபார்த்துச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த வேலையை முகிலனிடம் விட்டிருந்தேன். முகிலன் எங்கள் குழுவில் வந்து சேர்ந்து இரண்டாம் வருஷம். கடலுக்கு அக்கரையில் இருக்கிற சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினம் பாலம் கடந்து வருகிறவர். ஆசிரியர் வேலைக்கு வருமுன் அங்கே ஒரு தொழிற்சாலையில் சில காலம் இருந்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

செவ்வாய்க்கிழமை ஓய்வு வேளையில் கேள்வித்தாள் கட்டோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

“அக்கா, இந்தப் பதினேழாவது கேள்விய ஒருக்கா படிங்களேன்.”

படித்தேன். ‘எனக்கு இன்னும் அதிக உதவி தேவைப்படுவது என்னுடைய’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வளவுதான். அதோடு நின்றுபோயிருந்தது. என்னுடைய எது? நகல் எடுக்கும்போது பக்கத்தின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் அது அப்படியேதான் இருந்தது.

“சரி, அச்சுப் பிழை. அந்தக் கேள்விய எடுத்துடலாம்” என்றேன்.

“அதில்லக்கா. இதுக்குப் பிள்ளைங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க.”

ஒவ்வொன்றாகத் திருப்பினார். முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன். எங்கோ ஓரிருவர் காலியாக விட்டிருந்தார்கள். மற்ற எல்லாரும் முடியாத ஒரு வாக்கியத்துக்கு முழுமனதாகத் தலையாட்டியிருந்தார்கள். ஒருவர்கூடக் கையைத் தூக்கி, “டீச்சர், இங்க ஏதோ விட்டுப்போச்சு” என்று கேட்கவில்லை. நான் அந்த மேசைகளுக்கு நடுவில்தான் நடந்துகொண்டிருந்தேன்.

இதைவிடக் கேவலம், அந்தக் கேள்விக்கும் நான் ஒரு வட்ட வரைபடம் போட்டிருந்தேன். பச்சை நிறம். கீழே ஒரு குறிப்பு வேறு: ‘மாணவர்கள் தங்கள் தேவையைத் தெளிவாக உணர்ந்துள்ளனர்.’

முகிலன் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் தாள் கட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பதினேழுக்குத் தலையாட்டிய பிள்ளைகள்தானே மற்ற இருபத்து மூன்றுக்கும் தலையாட்டியிருக்கிறார்கள்? அதை வைத்துத்தானே நாற்பத்து மூன்று பேரின் மாலைகளை எடுத்துக்கொள்ளப் போகிறேன்?

அன்றே கடைசிப் பாடவேளையில் நான்காம் படிவ வகுப்பு ஒன்றுக்குப் போய், பதினேழாம் கேள்வியைப் பலகையில் எழுதி, “இதற்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?” என்று மலாயில் கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மணி அடித்தது. வராந்தாவில் நடந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒருத்தி வேகமாக வந்தாள். ஹஃப்ஸா. அவள் அப்பா, அவர்கள் வீட்டு வழக்கில் அத்தா, சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார், பெற்றோர் சங்கக் குழுவிலும் இருக்கிறார். என் இலக்கணத் தேர்வுப்படி நாற்பத்து மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

“டீச்சர், கோவமா?”

“கோவம் இல்லம்மா. எனக்குப் புரியல, அதான் கேட்டேன்.”

“எங்களுக்கும் புரியல லா டீச்சர். நீங்க குடுத்தீங்க, ஆமான்னு போட்டா நீங்க சந்தோஷப்படுவீங்க. இல்லன்னு போட்டா ஏன்னு கேப்பீங்க. அத இங்கிலீஷ்ல சொல்லணும்.”

இவ்வளவுதான். என் மூன்று வார ஆய்வை அவள் இரண்டு மூச்சில் பிரித்துப் போட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடிவிட்டாள்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக முதல்வர் அறைக்குப் போனேன். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஓடும். தமிழில் தருகிறேன்.

“என் அறிக்கையைத் திரும்பக் கொடுங்கள்.”

“ஏன்?”

“அது மாணவர்களைப் பற்றியது இல்லை. என்னைப் பற்றியது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கூட்டம் வெள்ளிக்கிழமை.”

“தெரியும்.”

“ஒத்திவைக்க மாட்டேன்.”

“ஒத்திவைக்கச் சொல்லவில்லை. இரண்டு நாள் இருக்கிறது.”

“மூன்று வாரத்தில் முடியாததை இரண்டு நாளில் செய்யப் போகிறீர்களா?” குரலை உயர்த்தவில்லை, ஆனால் காது சுட்டது. கடைசியில் அறிக்கையை என் பக்கம் தள்ளினார். “பத்து மணிக்கு உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.”

வெளியே வந்ததும் வராந்தாவில் கிட்டத்தட்ட ஓடினேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஓட்டத்தில் பயம் பாதிதான். மீதிப் பாதி என்னவென்று எனக்கே விளங்கவில்லை. வருஷக்கணக்காக அப்படி ஒரு துள்ளலை நான் வேலையில் உணர்ந்திருக்கவில்லை.

உணவுக்கூடத்தில் முகிலனை உட்காரவைத்து, “இரண்டு நாளில் எதைக் கேட்கலாம்?” என்றேன்.

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. “அக்கா, நான் பேக்டரில இருந்தப்ப ஒரு நாள் மேலிடத்துல இருந்து போன் வந்துச்சு. வெளிநாட்டு சூப்பர்வைசர். கடகடன்னு ஏதோ சொன்னாரு. நான் யெஸ்னேன். திருப்பிக் கேட்டாரு, யெஸ். மறுபடியும் யெஸ். சாயங்காலம் பாத்தா அனுப்பக் கூடாத சரக்க லாரில ஏத்திட்டேன். அவரு சொன்னதே அத நிறுத்தச் சொல்லித்தான்.”

“நீங்க நல்லா இங்கிலீஷ் பேசுவீங்களே?”

“பேசுவேன்கா. ஆனா அன்னைக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி. ‘எனக்கு விளங்கல, திரும்பச் சொல்லுங்க’. அது வாயில வரல.”

நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாளும் பிள்ளைகளிடம் ‘உனக்கு என்ன தேவை’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தனக்கு என்ன தேவை என்பது பதினாறு வயதில் யாருக்குத் தெரியும்? நடந்ததைக் கேட்டால் சொல்வார்கள். முகிலன் இப்போது சொன்ன மாதிரி.

அங்கேயே ஒரு காகிதத்தில் எழுதினோம். இரண்டே கேள்விகள். கடைசியாக எப்போது, எங்கே, ஆங்கிலத்தில் உனக்கு வாய் அடைத்துப்போனது, அப்போது என்ன சொல்ல நினைத்தாய்? கடைசியாக எப்போது ஆங்கிலம் உனக்குக் கை கொடுத்தது? எந்த மொழியிலும் எழுதலாம். படம் வரையலாம். பெயர் வேண்டாம். வகுப்பில் ஆசிரியர் இருக்கமாட்டார். எழுதியதை மடித்து நூலகத்துக்கு வெளியே இருக்கிற அட்டைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். கேள்விகளை மூன்று மொழிகளில் அச்சடித்தோம். இந்த முறை கடைசி வரி வரைக்கும் படித்துப் பார்த்தேன்.

வியாழன் காலை பிள்ளைகள் எழுதினார்கள். நான் ஆசிரியர் அறையில் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். பாதிப் பேர் வெறும் தாளை மடித்துப் போட்டால்? கேலி எழுதிவைத்தால்? வகுப்பை விட்டு வெளியே நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. மதியம் பெட்டியைத் தூக்கினோம். கனத்தது!

நூலகத் தரையில் எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தோம். தமிழையும் மலாயையும் நானும் முகிலனும் படித்தோம். சீன எழுத்தில் இருந்தவற்றைத் தனியாக வைத்தோம். யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் முதல்வர். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்து, சீனத்தில் இருந்ததை எங்களுக்காக ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

அது அம்மாவோடு மருத்துவமனைக்குப் போன ஒரு பிள்ளை எழுதியது. அம்மாவின் கட்டியைப் பரிசோதித்த முடிவை மருத்துவர் சொல்கிறார். மலாயில் பேசிக்கொண்டே வந்தவர் முக்கியமான இடத்தில் ‘பினைன்’ என்கிறார். ஆபத்தில்லாத கட்டி என்று பொருள். பிள்ளைக்கு அந்த வார்த்தை தெரியாது. கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டது. பேருந்தில் மருத்துவர் என்ன சொன்னார் என்று அம்மா கேட்க, பிள்ளை பதில் சொல்லத் தெரியாமல் அழ, அதைப் பார்த்து அம்மா அழ, வீடு போய்ச் சேரும்வரை இருவரும் அழுதிருக்கிறார்கள். நல்ல செய்திக்கு!

முதல்வர் அந்தத் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். “இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இருந்தன. விடுதி ஒன்றில் பகுதிநேர வேலை கேட்டுப் போன பிள்ளை, ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றதும் தன் அடையாள அட்டை எண்ணை ஒப்பித்த கதை இருந்தது. அதைப் படித்து மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இணைய விளையாட்டில் பிரேசில்காரர்களையும் பிலிப்பீன்ஸ்காரர்களையும் சேர்த்து அணி நடத்துகிறேன், நான்தான் கேப்டன், அங்கே எல்லாரும் உடைந்த ஆங்கிலம்தான், யாரும் சிரிப்பதில்லை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பெயர் இல்லை, ஆனால் வரைந்திருந்த படத்தில் கேப்டனுக்கு இரட்டைச் சடை. மலாயில் ஒன்று: தந்தையின் கடைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி பசெம்பூர் என்கிற காய்கறிக் கலவை கேட்டிருக்கிறார். கூடவே கடலையைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறார். புரியாமல் ‘யெஸ், நோ ப்ராப்ளம்’ என்று சொல்லித் தட்டை வைத்தாயிற்று. பசெம்பூருக்கு ஊற்றுகிற குழம்பே வேர்க்கடலை அரைத்ததுதான். அப்போது அவர் கைப்பைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. கடலைப் படம், அதன் மேல் சிவப்பாகக் குறுக்குக் கோடு. கடலை அவர் உடம்புக்கு ஆகாது என்று பொருள். ஓடிப்போய் வாய்க்குப் போகிற கரண்டியோடு தட்டைப் பிடுங்கியிருக்கிறது பிள்ளை. ‘ஏன் பிடுங்கினேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிய தந்தையிடமும் சொல்லவில்லை.’

படிக்கப் படிக்க எனக்குப் பிடிபட்டது. முகிலனின் கையைப் பிடித்து உலுக்கினேன். “பாருங்க, எல்லாரும் ஒரே இடத்துலதான் மாட்டியிருக்காங்க! வார்த்தை தெரியாதது பிரச்சினை இல்ல. தெரியலன்னு சொல்லத் தெரியாததுதான் பிரச்சினை!” பதினேழாம் கேள்விக்குத் தலையாட்டியதும், மருத்துவருக்குத் தலையாட்டியதும், அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குத் தலையாட்டியதும் ஒரே தலையாட்டல். முடியாத வாக்கியத்துக்கு ‘ஆமாம்’ போட்ட அந்தத் தாள்கள்தான் நான் செய்த ஒரே உண்மையான பரிசோதனை. அதைத் தெரியாமலே செய்திருந்தேன்!

அந்த உற்சாகத்தில்தான் கடைசிக் குவியலை எடுத்தேன். எல்லாவற்றிலும் பெரிய குவியல் அதுதான். வாய் அடைத்துப்போன இடம் எது என்பதற்கு அவர்கள் எழுதியது: ஆங்கிலப் பாடவேளை. ‘எழுந்து நிற்கச் சொல்லும்போது.’ ‘எல்லாரும் பார்க்கும்போது.’ ஒரு தாளில் தமிழில்: ‘பச்சைப் பேனா டீச்சர் வகுப்பில். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் திருத்திவிடுவார். அதனால் ஆரம்பிப்பதே இல்லை.’

எங்கள் பள்ளியில் பச்சைப் பேனா வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

முகிலன் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுக்கினார். பிறகு மெதுவாக, “அக்கா, இந்தக் குவியல நாளைக்குக் கொண்டுபோக வேணாம். மத்தத வச்சே சொல்லிடலாம். வெளியாளுங்க வர்றாங்க” என்றார். என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். முதல்வர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அறையைப் பூட்டும்வரை யோசித்தேன். அந்தக் குவியலை எடுத்துவிட்டால் திட்டம் எப்படி மாறும்? புதுப் பயிற்சிகள் வரும், பழைய டீச்சர் அப்படியே இருப்பார். பிள்ளைகள் முதன்முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கசக்கிற உண்மையை மட்டும் கழித்துவிட்டால் அதுவும் என் வட்ட வரைபடம் மாதிரிதான். கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. அதிகாரி, முதல்வர், பெற்றோர் சங்கத்தினர் ஆறு பேர், அவர்களில் ஹஃப்ஸாவின் அத்தா. தொழுகைக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அறிக்கை எதுவும் கொடுக்கவில்லை. முதலில் பதினேழாம் கேள்வியின் கதையைச் சொன்னேன். பிறகு பச்சைப் பேனாத் தாளைப் படித்தேன். “இது நான்” என்றேன். அதற்குப் பிறகு வேறு எதற்கும் பயம் வரவில்லை.

அதிகாரி கேட்டார்: “அப்படியானால் இலக்கணம் வேண்டாமா?”

“வேண்டும். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்பதற்கும் இலக்கணம் வேண்டும். அங்கிருந்து தொடங்குகிறேன்.”

ஹஃப்ஸாவின் அத்தாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. “டீச்சர், எங்க பிள்ளைங்களுக்கு எஸ்.பி.எம். பரீட்சையில ஏ வேணும். கேள்வி கேக்கறதுக்கு மார்க் குடுப்பாங்களா? கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று மலாயில் சொன்னார். இரண்டு மூன்று தலைகள் ஆமோதித்தன.

நான் பதில் தேடாமல் அடுத்த தாளை எடுத்துப் படித்தேன். பசெம்பூர்த் தாள். கடலைப் படம் போட்ட அட்டை வந்த இடத்தில் அவர் முன்னால் சாய்ந்தார். தட்டைப் பிடுங்கிய இடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. நான் படிப்பதை நிறுத்தினேன்.

“அது எங்க கடை” என்றார் தமிழில். அறையில் மற்றவர்களுக்குப் புரியவில்லை. “அது எங்க புள்ள. பைத்தியமாடி உனக்குன்னு அத்தன பேரு முன்னாடி திட்டினேன் டீச்சர். ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிட்டா.” கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரே மற்றவர்களுக்கு மலாயில் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்து, “ஒரு தவணை செஞ்சு பாருங்க” என்றார். அதன் பிறகு யாரும் மறுக்கவில்லை. ஒரு பள்ளித் தவணைக்கு முயற்சி செய்வது, நாற்பத்து மூன்று பேர் என்ற தனிக்குழு கிடையாது, நாடகமும் விவாதமும் எல்லாருக்கும் உண்டு என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் உங்களில் யாராவது கைதட்ட நினைத்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் நான் செய்த இரண்டாவது தவறு அதுதான். பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஊரறிந்த கடைத்தெருக் கதையை அதே தெருவின் மனிதர்கள் முன்னால் வாய்விட்டுப் படித்திருக்கிறேன். அவள் தன்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றுதான் மலாயில் எழுதியிருக்கிறாள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கதையே சில நேரம் பெயர்தான். நல்லவேளையாக அந்தத் தந்தை நல்ல மனிதர். வேறு ஒருவராக இருந்திருந்தால்?

திங்கட்கிழமை ஹஃப்ஸாவைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் பையின் பட்டையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“நீங்க கேட்டிருக்கணும் டீச்சர்.”

“ஆமாம்மா. கேட்டிருக்கணும்.”

“அத்தா ஒண்ணும் சொல்லல. சனிக்கிழம கடையில அவங்களே மாவுப் பெட்டி அட்டையில கடலப் படம் வரஞ்சு ஒட்டியிருக்காங்க. பாக்க முந்திரி மாதிரி இருக்கு.” அப்போதுதான் சிரித்தாள். நான் கேட்டதற்கு அவள் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். தலையாட்டாமல் இருந்தாளே, அதற்காக எனக்கு அவள் மேல் மதிப்பு கூடியது.

புதுத் திட்டத்தின் முதல் வகுப்பு அந்த வாரம் புதன்கிழமை மாலை. எல்லாத் தரத்துப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள். விளையாட்டுப் படத்தில் இருந்த அந்த இரட்டைச் சடைக்காரி ஒரு குழுவுக்குக் கேப்டன். விதி ஒன்றே ஒன்று: நான் பேசும்போது எது புரியாவிட்டாலும் என்னை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு ஐந்து வாக்கியங்கள் கொடுத்தேன். நான் வேண்டுமென்றே கடினமான வார்த்தைகளைப் போட்டு, வேகமாகப் பேசினேன்.

முதல் பத்து நிமிடம் ஒருவரும் நிறுத்தவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு ஹஃப்ஸா பாதிக் கை தூக்கி, ஆங்கிலத்தில், “சாரி டீச்சர், வாட் மீன்?” என்றாள். கொடுத்த வாக்கியம் அது இல்லை. திருத்த நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டு, அவள் கேட்ட வார்த்தைக்குப் பொருள் சொன்னேன். அவ்வளவுதான், அணை திறந்தது! இங்கிருந்து ஒருத்தி, அங்கிருந்து ஒருவன், என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை. நாற்பது நிமிடத்தில் அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை. மேசையைத் தட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள், என்னை நிறுத்தியதற்குத் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்கிறார்கள். என் வகுப்பில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

சத்தம் அலுவலகம் வரைக்கும் போயிருக்க வேண்டும். முதல்வர் வாசலில் வந்து நின்று, ஆங்கிலத்தில், அவருக்கே உரிய வேகத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். மற்ற வகுப்புகளுக்கு இடைஞ்சல் என்பது அதன் சாரம். வகுப்பு சட்டென்று அடங்கியது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. இரட்டைச் சடைக்காரி எழுந்து நின்றாள்.

“சாரி, மேடம். கேன் யூ சே தட் அகெய்ன்? ஸ்லோலி?”

நான் முதல்வர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். உள்ளே ஓரடி எடுத்துவைத்தார். பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும், ஒவ்வொரு வார்த்தையாக, மெதுவாகத் திரும்பச் சொன்னார்.